திட்டிக்கொண்டே நீந்திய முள்ளெலி

ஓடைக்கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே அன்று ஒரே கொண்டாட்டம். காரணம், வாத்தியாருக்குத் தொண்டை கட்டிவிட்டது!

வாத்தியார் ஒரு கழுதை. அவர் ஒரு பாடம் ஆரம்பித்தால் இரண்டு கரையிலும் உள்ள குருவிகள் கூட்டை விட்டுப் பறந்துவிடும். அப்படிப்பட்ட குரல் ஒரு காலையில் காணாமல் போனது. அவர் வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் திறந்தார். இன்னும் கொஞ்சம் காற்று வந்தது.

"இனிமே பாடம் கிடையாது!" என்று மிளகு என்ற அணில் மருதமரத்தின் உச்சிவரை ஓடிவிட்டு இறங்கி வந்தான்.

வாத்தியார் என்ன லேசுப்பட்டவரா? பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டுக் கிசுகிசுத்தார்.

"என் தொண்டை சரியாகிற வரைக்கும் நீங்கதான் வாத்தியார். அவங்கவங்க தங்களுக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தருக்குச் சொல்லிக் கொடுக்கணும். கத்துக்கிட்டவனுக்கு மார்க் இல்லை. சொல்லிக் கொடுத்தவனுக்குத்தான் மார்க்! சரியா வந்தா என் வலது காது நிமிரும். வரலைன்னா ரெண்டு காதும் தொங்கும். புரிஞ்சுதா?"

பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது. மார்க் என்றதும் எல்லோர் கண்ணும் ஒருவன் பக்கம் திரும்பியது. மூலையில் உட்கார்ந்திருந்த முள்ளெலி சுருளன்தான் அவன்.

சுருளன் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பள்ளி மழைக்காலத்தில் இடம் மாறும். மருதமரத்தடி சேறாகிவிடும் என்பதால், மழை இறங்கும் முன்பே எல்லோரும் ஓடையைக் கடந்து அக்கரைப் பாறைமேட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு வெள்ளம் வந்துவிடும். மழைக்காலம் முடியும்வரை போக்கும் இல்லை, வரவும் இல்லை. ஒவ்வொருவரும் தன் சொந்த முயற்சியில்தான் கடக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம்.

சுருளனால் மட்டும் கடக்க முடியவில்லை. பயம் வந்தால் முள்ளெலி என்ன செய்யும்? முகத்தை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு உருண்டையாகச் சுருண்டுவிடும். தரையில் அது நல்ல உபாயம்தான். எந்தப் பாம்பும் கிட்டே வராது. தண்ணீரில் சுருண்டால்? மூக்கு உள்ளே போய்விடும், மூச்சு நின்றுவிடும், ஆள் முழுகிவிடுவான்.

போன வருடம் வாத்தியாரே மனம் இரங்கி, வழக்கத்தை மீறி, அவனை முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கினார். பாதி ஓடையில் சுருளனுக்குப் பயம் வந்தது. சுருண்டான். அத்தனை முள்ளும் வாத்தியார் முதுகில் இறங்கியது. அவர் போட்ட கூச்சலில் மீன்கள்கூட மிரண்டன. அவர் ஒரு குதி குதித்து உதறியதில் சுருளன் பறந்துபோய், கிளம்பிய கரையிலேயே விழுந்தான்.

அந்த மழைக்காலம் முழுக்க அவன் தனியாக இருந்தான். தினமும் காலையில் அக்கரையிலிருந்து வாத்தியார் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கும். வருகைப் பதிவு எடுப்பார். "சுருளன்!" என்று கூப்பிடுவார். இக்கரையில் நனைந்த புதருக்குள் உட்கார்ந்திருக்கும் சுருளன் எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா!" என்று கத்துவான். வெள்ளத்தின் இரைச்சலில் அது யாருக்கும் கேட்காது. "வரலை சார்!" என்று பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகச் சொல்வது மட்டும் அவனுக்குக் கேட்கும். பாவம், பிறகு அவன் உட்கார்ந்துகொள்வான்.

இந்த வருடமும் மழைக்காலம் நெருங்கிவிட்டது.

முதலில் வந்தவள் வாத்துக்குஞ்சு அல்லி. "சுருளா, உனக்கு நான் நீச்சல் சொல்லித் தர்றேன். இதை விட லேசான வேலை உலகத்திலேயே கிடையாது!" என்றாள்.

சுருளனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "நிஜமாவா அல்லி?"

"நிஜமா! இங்க பாரு. தண்ணியில வந்து உட்காரு. அவ்வளவுதான், பாடம் முடிஞ்சுது."

"உட்கார்ந்தா முழுகிடுவேனே?"

"ஏன் முழுகுற? முழுகாதே!"

"எப்படி முழுகாம இருக்கிறது?"

அல்லி யோசித்தாள். அவள் முட்டையிலிருந்து வெளியே வந்தாள், நடந்தாள், தண்ணீரில் இறங்கினாள், மிதந்தாள். இதில் எப்படி என்று ஒரு கேள்வி வரும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரியும். "நான் எப்படி இருக்கேனோ அப்படி இரு!" என்று அதட்டினாள்.

சுருளன் அப்படி இருக்கப் பார்த்தான். தண்ணீரில் இறங்கி உட்கார்ந்தான். அடிவயிற்றில் குளிர் பட்டதுதான் தாமதம், சுருண்டு உருண்டையாகி முழுகினான். அல்லியின் அம்மா வந்து அலகால் உருட்டி உருட்டிக் கரையேற்றினாள்.

"எவ்வளவு தெளிவா சொன்னேன்! மண்டு! மண்டையில ஏறவே மாட்டேங்குது!" என்று அல்லி சலித்துக்கொண்டு போனாள்.

அடுத்து அணில் மிளகு வந்தான். "நீச்சல் எதுக்குடா? மேலே பாரு. இந்தக் கரைக் கிளையும் அந்தக் கரைக் கிளையும் கிட்டக் கிட்ட இருக்கு. ஏறு, ஓடு, தாவு! முடிஞ்சுது!"

சுருளனைத் தாழ்ந்த கிளைவரை தள்ளி ஏற்றுவதற்குள் மிளகுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இப்போ வாலை விறைப்பா வெச்சுக்கிட்டுத் தாவு!"

"எனக்கு வால் இருக்கா?"

இருவரும் தேடினார்கள். முட்களுக்கு அடியில் மொட்டு மாதிரி ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. மிளகு அதை நெடுநேரம் பார்த்தான். "இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் உயிரோட இருந்தே?" என்று கேட்டான்.

சுருளன் கீழே பார்த்தான். பயம் வந்தது. சுருண்டான். கிளையிலிருந்து கழன்று நேராக நண்டு கிடுக்கியின் வளைமேல் போய் விழுந்தான்.

"யாருடா அது என் வீட்டை இடிச்சது?" என்று கிடுக்கி கொடுக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. மார்க் ஆசை வந்துவிட்டது. "நீந்தவும் வேண்டாம், தாவவும் வேண்டாம். ஓடையின் அடியில தரை இருக்குல்ல? பக்கவாட்டுல நடந்தே போயிடலாம்!"

"அப்போ மூச்சு?"

"விடு!"

"தண்ணிக்குள்ளயா?"

"பின்னே வேற எங்க விடுறது?" கிடுக்கிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

சுருளன் அந்தப் பாடத்துக்குப் போகாமல் தப்பித்தான். அதுவே அவன் அதிர்ஷ்டம்.

மூவரும் வாத்தியாரிடம் போனார்கள். "நாங்க சரியாத்தான் சொன்னோம் சார். அவனுக்குத்தான் ஒண்ணும் வரலை!" வாத்தியாரின் இரண்டு காதுகளும் தொங்கின. மார்க் இல்லை!

அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுருளன் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை. அல்லி ஒரு தவளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தாள். மிளகு ஒரு குரங்குக்கு மரம் ஏறச் சொல்லிக் கொடுத்தான். கிடுக்கி தன் தம்பிக்குப் பக்கவாட்டில் நடக்கச் சொல்லிக் கொடுத்தான். மூன்று மாணவர்களும் அபாரமாகத் தேறினார்கள்! வாத்தியாரின் வலது காது பாதி நிமிர்ந்து அப்படியே நின்றது. பாதிக் காதுக்குப் பாதி மார்க் என்று பிள்ளைகளே முடிவு செய்துகொண்டார்கள்.

ஒரு மார்க்கும் வாங்காத இன்னொருவனும் அந்த வகுப்பில் இருந்தான். நரிக்குட்டி சூரன்! "தந்திரம் கற்றுத் தரப்படும். கோழிகளுக்கு முதலிடம்!" என்று அவன் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தான். ஒரு கோழியும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனாலும் சூரனுக்கு வகுப்பில் தனி மதிப்பு உண்டு. போன வருடம்தான் அவன் புதிதாகச் சேர்ந்தான். முதல் தடவையே, ஓடையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, கழுத்தை நிமிர்த்தி, "ஊ... ஊ..." என்று பாடிக்கொண்டே நீந்திக் காட்டினான். "என்ன தைரியம்! பாட்டு வேற!" என்று பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து சூரன் கொஞ்சம் மார்பை நிமிர்த்தித்தான் நடப்பான்.

ஒரு மதிய வேளை. எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். நாணல் புதருக்குள் யாரோ விசும்பும் சத்தம் கேட்டுச் சூரன் எட்டிப் பார்த்தான். சுருளன்!

"சூரா, நீ எனக்குச் சொல்லித் தருவியா? நீ பாடிக்கிட்டே நீந்தினவனாச்சே!"

சூரன் திடுக்கிட்டான். "எனக்கு நேரமில்லை. தந்திர வகுப்பு இருக்கு."

"அதுக்குத்தான் யாருமே வரலையே?"

"வருவாங்க!"

சுருளன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போன வருஷம் வாத்தியார் என் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் நான் 'உள்ளேன் ஐயா'ன்னு சொன்னேன். உங்க யாருக்காவது ஒரு நாளாவது கேட்டுச்சா?"

'வரலை சார்!' என்று கத்தியவர்களில் சூரன் குரல்தான் பெரிய குரல். அது இப்போது அவன் நினைவுக்கு வந்து தொலைத்தது. அவன் நாலாபக்கமும் பார்த்துவிட்டு சுருளன் காதருகே குனிந்தான். முள் குத்தியது. கொஞ்சம் தள்ளிக் குனிந்தான்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியம்!"

"அது பாட்டு இல்லைடா."

"பின்னே?"

"அழுகை! பயத்துல ஊளையிட்டேன்! தண்ணி அடிவயித்துல பட்டதும் உயிரே போச்சு. 'அம்மா, என்னைக் காப்பாத்து'ன்னு அலறினேன். அது உங்களுக்குப் பாட்டா கேட்டுச்சுன்னா நான் என்ன பண்றது?"

சுருளன் முட்களெல்லாம் நிமிர்ந்து நிற்க அவனையே பார்த்தான். "உனக்கும் அடிவயித்துலதானா?"

"அங்கேதான்! முழங்கால் வரைக்கும் ஒண்ணும் தெரியாது. வயிறு நனையும் பாரு, அந்த ஒரு நொடிதான் மோசம். அதைத் தாண்டிட்டா அப்புறம் காலு தானா அடிச்சுக்கும். அந்த நொடியில நான் கத்தினேன். கத்தினதால மூச்சு நிக்கலை. மூச்சு நிக்காததால முழுகலை. இது நான் திட்டம் போட்டுச் செஞ்சது இல்லை. அப்புறம் யோசிச்சுப் பார்த்தப்போ தெரிஞ்சுது."

சுருளன் யோசித்தான். "நான் கத்தினா, என் முகம் வயித்துக்குள்ள போகாது. முகம் போகலைன்னா சுருள முடியாது!"

"அப்படிப் போடு! கத்து பார்க்கலாம்."

சுருளன் கத்தினான். "சூ..." என்று ஒரு சத்தம் வந்தது. தும்மல் என்று நினைத்து சூரன் "நூறு வயசு!" என்றான்.

"இது போதாது. கோபமா ஏதாவது சொல்லு. யாரையாவது திட்டு!"

"எனக்குத் திட்ட வராதே. யார் மேலயும் கோபமில்லையே."

"உன்னை மண்டுன்னு சொன்னாளே அல்லி?"

சுருளன் ஓடைப் பக்கம் திரும்பினான். பிறகு, "நீதான்டி மண்டு," என்றான் மெதுவாக.

"சத்தமா!"

"நீதான்டி மண்டு! முழுகாதே முழுகாதேன்னா அது ஒரு பாடமா?"

அவ்வளவு நாளும் உள்ளே கிடந்ததெல்லாம் கிளம்பி வந்துவிட்டது. திட்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். வயிறு நனைந்தது. குரல் இன்னும் உயர்ந்தது. சுருளவில்லை! நாலு குட்டிக் கால்களும் தானாக அடித்துக்கொண்டன. கரையோரமாகவே ஒரு வட்டம் போட்டுவிட்டு மூச்சிரைக்க ஏறினான்.

"திட்டுறது இவ்வளவு சுகமா இருக்குமா?" என்று கேட்டான். அதன் பிறகு மதியம்தோறும் நாணல் புதர்ப் பக்கம் யாரோ யாரையோ வைது தீர்க்கும் சத்தம் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. மலைப் பக்கம் இடி இடித்தது. ஓடைத் தண்ணீர் கலங்கி ஏற ஆரம்பித்தது. "இன்னைக்கே கடந்தாகணும்! சீக்கிரம்!" என்று வாத்தியார் கிசுகிசுத்தார்.

அவர் முதலில் இறங்கி அக்கரை போய்ச் சேர்ந்தார். அல்லி மிதந்து போனாள். மிளகு தாவினான். கிடுக்கி அடியில் நடந்து போய் அக்கரையில் தலை நீட்டினான். மற்றவர்களும் போனார்கள். கடைசியில் இக்கரையில் சூரனும் சுருளனும் மட்டும் நின்றார்கள்.

"போ சுருளா!"

சுருளன் இறங்கினான். அக்கரையில் வகுப்பே வரிசையாக நின்று அவனையே பார்த்தது. நடுவில் வாத்தியார். வயிறு நனைந்தது. திட்ட வாயைத் திறந்தான். எதிரே அல்லி நிற்கிறாள்! மிளகு நிற்கிறான்! அவர்கள் முகத்துக்கு நேராக எப்படித் திட்டுவது? வாத்தியார் வேறு பார்க்கிறாரே! அவனுக்கு வெட்கம் வந்தது. வாய் மூடிக்கொண்டது. முகம் மெல்ல வயிற்றுப் பக்கம் குனிந்தது.

"ஐயோ, சுருளுறான்!" என்று அல்லி கத்தினாள்.

பாதி உருண்டையான சுருளனை வெள்ளம் இழுக்க ஆரம்பித்தது. சூரன் பார்த்தான். பாய்ந்து பிடிக்கலாம் என்றால், முள்! பிடித்த வாய் கிழியும். ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் ஒரு வருடமாகச் சேர்த்து வைத்த மானம் போய்விடும்.

போகட்டும் என்று சூரன் தண்ணீரில் குதித்தான்.

"ஊ...! சுருளா! நான் போன வருஷம் பாடலைடா! பயந்து அழுதேன்! அம்மாவைக் கூப்பிட்டு அழுதேன்! எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் பயந்தாங்கொள்ளி! டேய், என்னைத் திட்டுடா! என்னை முதல்ல திட்டு! ஊ...!"



தண்ணீருக்குள் போகவிருந்த சுருளனின் முகம் சடக்கென்று வெளியே வந்தது. "ஏ பொய்க்கார நரி!" என்று கத்தினான். "பாட்டாம் பாட்டு! ஒரு வருஷமா எங்களை ஏமாத்தினியே!"

"அப்படித்தான்! இன்னும்!"

"அடி அல்லி! உன்னைக் கேட்டேனே எப்படின்னு, ஒரு பதில் சொன்னியா? ஏய் மிளகு! என் வால் என் வால்தான்டா, உனக்கென்னடா வந்துச்சு? அடேய் கிடுக்கி! உன் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் எனக்குக் காரியம் பண்ணியிருப்பாங்க!"

கால்கள் அடித்துக்கொண்டே இருந்தன. வெள்ளம் கொஞ்சம் இழுத்தது. அவன் இன்னும் உரக்கத் திட்டினான். வெள்ளத்தையும் விடவில்லை. "நீ என்ன பெரிய ஓடையா? மதியமெல்லாம் உனக்குள்ள வட்டம் போட்டவன்டா நான்!"

கரை கிட்டே வந்துவிட்டது. வந்த வேகத்தில் நிறுத்த முடியவில்லை. "போன வருஷம் என்னை உதறிவிட்ட வாத்தியாரே! உதறினதுதான் உதறினீங்க, இந்தப் பக்கமா உதறக் கூடாதா?"

கால் தரையில் பட்டது. சுருளன் வாயை மூடினான். எதிரே வாத்தியாரின் குளம்புகள் தெரிந்தன. மெல்ல நிமிர்ந்து பார்த்தான்.

வாத்தியாரின் வலது காது நிமிர்ந்தது. இடது காதும் நிமிர்ந்தது. இரண்டும் ஒன்றாக நிமிர்ந்ததை அந்தப் பள்ளியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவருக்கு வந்த சந்தோஷத்தில் கட்டியிருந்த தொண்டை திறந்துகொண்டது. அவர் போட்ட கனைப்பில் குருவிகள் அத்தனையும் கூட்டை விட்டுப் பறந்தன. "போச்சுடா, குரல் வந்துடுச்சு!" என்று மிளகு தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இவனுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்று வாத்தியார் முழங்கினார்.

"நான்தான் சார்! முதல் பாடம் என்னோடது!" என்றாள் அல்லி.

"தைரியம் கொடுத்தது நான் சார்!" என்றான் மிளகு.

"நான் சொன்னபடி தரையில கால் ஊனிச்சா இல்லையா சார்?" என்றான் கிடுக்கி.

வாத்தியாரின் இரண்டு காதுகளும் பட்டென்று தொங்கின. நனைந்துபோய்க் கடைசியில் ஏறி வந்த சூரனைப் பார்த்ததும் மறுபடி நிமிர்ந்தன. சூரன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் சிரிக்கவில்லை. அல்லி மட்டும் மெதுவாக, "எனக்கும் மரத்தைப் பார்த்தா பயம்தான்," என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. பாறைக் குகையில் வாத்தியார் வருகைப் பதிவு எடுத்தார்.

"சுருளன்!"

"உள்ளேன் ஐயா!"

குகையே அதிர்ந்தது. "இவ்வளவு கிட்ட இருந்துக்கிட்டு ஏன்டா கத்துற?" என்றார் வாத்தியார். அவன் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டான், தனக்காக.

மழைக்காலம் முடிந்து, வெள்ளம் வடிந்து, எல்லோரும் மருதமரத்தடிக்குத் திரும்பும் நாள் வந்தது. அன்று காலையில்தான் மழைக்காலத்தில் பிறந்த மூஞ்சூறுக் குட்டி ஒன்று பள்ளியில் சேர்ந்திருந்தது. பெயர் பொட்டு. ஓடையைப் பார்த்து அது கிடுகிடுவென்று நடுங்கியது. சூரன் மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். "பயப்படாதே பொட்டு! சுருளனுக்கே சொல்லிக் கொடுத்தவன் நான்..."

"நீ தள்ளு சூரா," என்றான் சுருளன். ஓடையில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன் அவன். முட்கள் இன்னும் நிமிர்ந்தே இருந்தன. "நீ பயந்து ரொம்ப நாளாச்சு, உனக்கு மறந்திருக்கும். நான் இப்போதான் பயந்துட்டு வர்றேன். வா பொட்டு, முதல்ல உனக்கு யார் மேல கோபம்னு சொல்லு!"

தான் பயந்து தடுமாறிய இடத்தை மறக்காமல், மறைக்காமல் சொல்பவரே பிறருக்கு நன்றாகக் கற்றுக்கொடுக்க முடியும்.